யாருக்கும் வேண்டாத மாலையில் ஹவுஸ்ஃபுல்: 'குங் பாவ் கோஷர் காமெடி' ஒரு நிகழ்வு ஆய்வு

1993 அக்டோபரில், சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த லிசா கெடுல்டிக் என்ற ஸ்டாண்ட்-அப் கலைஞருக்கு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சவுத் ஹேட்லியில் ஒரு மேடை கிடைத்தது. இடத்தின் பெயர் பீக்கிங் கார்டன் கிளப். கிளப் என்று இருக்கிறதே, காமெடி கிளப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் போனார். போய்ப் பார்த்தால் சீன உணவகம். சாப்பிட வந்தவர்கள் முன்னால் நின்று யூத ஜோக்குகளைச் சொல்லிவிட்டுத் திரும்பினார். சீன உணவகத்தில் யூத ஜோக் என்ற அந்தச் சேர்க்கை மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமஸை ஒட்டி, சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனின் ஃபோர் சீஸ் உணவகத்தில் 'குங் பாவ் கோஷர் காமெடி'யின் முதல் நிகழ்ச்சி நடந்தது. 'குங் பாவ்' என்பது காய்ந்த மிளகாயும் வேர்க்கடலையும் போட்டுச் செய்யும் சிச்சுவான் கோழி. 'கோஷர்' என்றால் யூத உணவு விதிக்கு உட்பட்டது. இரண்டையும் ஒட்டிப் பெயர் வைத்தாயிற்று. சாப்பாடு என்னவோ கோஷர் சான்று பெற்றதல்ல. பெயரே முதல் ஜோக். ஏறத்தாழ 400 பேர் வந்தார்கள். இடம் போதாமல் சுமார் 200 பேர் திரும்பிப் போக வேண்டியிருந்தது. அன்று தொடங்கியது முப்பது ஆண்டுகளைத் தாண்டி இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது.

யோசனை தோன்றி இரண்டே மாதத்தில், பெரிய விளம்பரப் பலம் எதுவும் இல்லாத ஒரு கலைஞருக்கு 600 பேர் எப்படித் திரண்டார்கள்? காமெடி நிகழ்ச்சி நடத்துபவர்கள் பெரும்பாலும் நல்ல கலைஞரைத் தேடி அலைவார்கள். கெடுல்டிக் கண்டுபிடித்தது கலைஞரை அல்ல, தேதியை. மற்றதெல்லாம் அந்தத் தேதியிலிருந்து வந்தவைதான் என்பது என் கணிப்பு.

அந்த ஒரு மாலை

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் 1870 முதல் அரசு விடுமுறை. அன்றைக்குக் கடை இல்லை, அலுவலகம் இல்லை, நண்பர்களில் பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். ஊரே ஒரு கொண்டாட்டத்தில் இருக்க, யூதக் குடும்பத்துக்கு அன்று செய்ய எதுவும் இல்லை. பழைய கிழக்கு ஐரோப்பாவில் நிலைமை இன்னும் மோசம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் யூதர்கள் வெளியே தலைகாட்ட அஞ்சினார்கள். 'நிட்டல்' என்று அழைக்கப்பட்ட அந்த இரவில் யூத வேதமான தோராவைப் படிப்பதை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் சீட்டோ சதுரங்கமோ ஆடும் வழக்கம் சில சமூகங்களில் வேரூன்றியது. பக்திமிக்க ஹசிதியப் பிரிவு யூதர்கள் சிலரிடம் அது இன்றும் உண்டு. ஆக, பிறருடைய பண்டிகை இரவை எப்படிக் கழிப்பது என்ற கேள்வி அமெரிக்காவில் புதிதாக முளைத்ததல்ல.

அமெரிக்காவில் அதற்குக் கிடைத்த விடை சீன உணவகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் யூதக் குடியேறிகளும் சைனாடவுனும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸும் சீனக் கடைக்காரருக்கு இன்னொரு வியாபார நாள், அவ்வளவுதான். உணவு விஷயத்திலும் ஒரு வசதி. யூத விதிப்படி இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது. சீனச் சமையலில் பால், வெண்ணெய், பாலாடைக்கட்டிக்கு வேலையே இல்லை. பன்றி இறைச்சி உண்டுதான். ஆனால் பொடியாக நறுக்கி மாவுக்குள் வைத்து மூடியிருந்தால் கண்ணில் படாது, கண்ணில் படாதது மனதையும் உறுத்தாது. இந்தச் சமரசத்தைக் கேய் டக்மன், ஹாரி லெவின் என்ற இரு சமூகவியலாளர்கள் விரிவாக ஆராய்ந்து 1990களின் தொடக்கத்தில் எழுதினார்கள். கண்டனமும் வராமல் இல்லை. கோஷர் அல்லாத உணவகங்களுக்கு, அதிலும் சீன உணவகங்களுக்கு, யூதர்கள் போவதை 'அமெரிக்கன் ஹீப்ரூ' என்ற யூத இதழ் 1899லேயே சாடியது. சாடியும் கூட்டம் குறையவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். சீனர்களின் குடியேற்றத்தைத் தடுக்கும் சட்டம் 1882இல் வந்தது, 1943இல்தான் நீங்கியது. இடையில் 1915இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, அந்தச் சட்டம் வணிகர்களுக்குக் கொடுத்திருந்த விலக்குக்குள் உணவக முதலாளிகளையும் சேர்த்தது. ஊரிலிருந்து ஆள் கூட்டிவர வழி திறந்ததால் சீன உணவகங்கள் பெருகின. வெள்ளைக்காரக் கிறிஸ்தவ அமெரிக்காவின் விளிம்பில் இருந்த இரண்டு கூட்டங்கள், ஒன்று சமைக்கவும் மற்றது சாப்பிடவும், டிசம்பர் 25 அன்று ஒரே கூடத்தில் இருந்தன. சீன உணவகத்துக்குள் நுழையும் யூதருக்கு இன்னொரு நிம்மதியும் இருந்தது. அங்கே அவரை யாரும் யூதர் என்று பார்க்கவில்லை. இன்னொரு அமெரிக்க வாடிக்கையாளர், அவ்வளவே.

இந்த வழக்கம் எந்த அளவுக்குப் பொதுச் சொத்தாகிவிட்டது என்பதற்கு 2010இல் ஒரு சான்று கிடைத்தது. எலெனா கேகன் உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு முன்மொழியப்பட்டு செனட் குழுவின் முன் அமர்ந்திருந்தார். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் அன்று விமானத்தில் நடந்த குண்டுவெடிப்பு முயற்சியைப் பற்றிய சட்டக் கேள்விக்கு வழிபோட, செனட்டர் லிண்ட்சே கிரகாம் கிறிஸ்துமஸ் அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். எல்லா யூதர்களையும் போல நானும் ஏதாவது சீன உணவகத்தில்தான் இருந்திருப்பேன் என்றார் கேகன். அரங்கமே சிரித்தது. யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. இருந்தும் செனட்டர் சக் ஷூமர் வாயை அடக்க முடியாமல், அன்றைக்குத் திறந்திருக்கும் உணவகங்கள் அவைதான் என்று விளக்கம் கொடுத்தார்.

கெடுல்டிக் இந்த வழக்கத்தை உருவாக்கவில்லை. ஏற்கெனவே அந்த மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து பழகியவர்கள் முன்னால் ஒரு மைக்கை வைத்தார்.

அப்படியானால் யூதர்களின் சொந்தக் குளிர்காலப் பண்டிகையான ஹனுக்காவை ஒட்டி ஏன் நடத்தவில்லை? ஹனுக்கா யூத நாட்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் தொடங்குகிறது. ஆங்கிலத் தேதிப்படி நவம்பர் கடைசிக்கும் டிசம்பர் கடைசிக்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் விழும். எட்டு நாள் பண்டிகை என்பதால் எந்த ஒரு நாளுக்கும் தனிக் கட்டாயம் கிடையாது. மாலையானால் வீட்டில் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும், எண்ணெயில் பொரித்ததைத் தின்ன வேண்டும். வேலை நாளும் அதுவே. நிகழ்ச்சி நடத்துபவருக்கு இதைவிடக் கடினமான தேதி அமையாது. கிறிஸ்துமஸோ நகராத தேதி, விடுமுறை, போட்டி நிகழ்ச்சிகள் குறைவு. சொந்தப் பண்டிகையைவிட அடுத்தவர் பண்டிகைதான் இந்த வியாபாரத்துக்குத் தோது. இதே காலி இடத்தை 1980களிலேயே கண்டுபிடித்தவர்களும் உண்டு. மணமாகாத யூத இளைஞர்களுக்காகக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் நடக்கும் 'மாட்சோ பால்' நடன விருந்து பாஸ்டனில் தொடங்கிப் பல நகரங்களுக்குப் பரவியது அப்போதுதான். அது ஜோடி தேடுபவர்களுக்கு. தாத்தா பாட்டியோடு வரும் குடும்பத்துக்கு எதுவும் இல்லாமல் இருந்தது.

மேசையும் மேடையும்

நிகழ்ச்சியின் அமைப்பில் பெரிய மர்மம் இல்லை. கிறிஸ்துமஸை ஒட்டி இரண்டு மூன்று நாட்கள். நாளுக்கு இரண்டு காட்சி. மாலைக் காட்சி ஏழு வகைச் சீன விருந்தோடு, இரவுக் காட்சி மதுவும் சிறுதீனியுமாக. தலைப்புக் கலைஞர் ஒருவர், கூட இருவர். தொகுத்து வழங்குவது கெடுல்டிக். ஆண்டுக்காண்டு மாறுவது கலைஞர்கள் மட்டும். வருமானத்தில் ஒரு பங்கு அறப்பணி அமைப்புகளுக்குப் போகிறது.

ஆனால் விருந்தும் ஸ்டாண்ட்-அப்பும் ஒரே நேரத்தில் நடப்பது எளிதல்ல. ஸ்டாண்ட்-அப் கலைஞருக்கு வேண்டியது இருட்டு, நெருக்கம், மேடையைப் பார்த்த முகங்கள். சீன விருந்துக் கூடத்தில் இந்த மூன்றும் கிடையாது. வட்ட மேசை என்றால் பாதிப் பேர் மேடைக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும். நடுவிலுள்ள சுழல் தட்டை யாரோ ஒருவர் தள்ளிக்கொண்டே இருப்பார். பீடிகையை முடித்துக் கலைஞர் சிரிப்பு வரவேண்டிய கடைசி வரிக்கு மூச்சு வாங்கும்போது பரிமாறுபவர் ஆவி பறக்கும் மீனைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வருவார். வாய் நிறைய நூடுல்ஸ் இருப்பவரால் சிரிக்கவும் முடியாது. இருட்டறையிலேயே பழகிய இளம் கலைஞர் முதல் ஐந்து நிமிடத்தில் தடுமாறிப் போகக்கூடிய சூழல்.

அதனால்தான் இந்த மேடைக்கு வந்தவர்களின் பட்டியலில் பழுத்தவர்கள் அதிகம். ஷெல்லி பெர்மன், டேவிட் பிரென்னர், எலேன் பூஸ்லர், ஜூடி கோல்ட் என்று நீளும் பட்டியல் அது. சலசலப்புக்கு நடுவே குரலை உயர்த்தாமல் கூட்டத்தைத் தன் பக்கம் திருப்பத் தெரிந்தவர்கள். பெண் கலைஞர்களுக்கு இங்கே கிடைத்திருக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. கெடுல்டிக் பெண் காமெடியன்களுக்கென்றே தனி நிகழ்ச்சிகளும் நடத்தியவர்.

வட்ட மேசையால் ஒரு நன்மையும் உண்டு. பத்துப் பேர் உட்காரும் மேசைக்கு நான்கு பேராக டிக்கெட் வாங்கி வந்தால் மீதி ஆறு பேர் அந்நியர்கள். பொது அரங்கில் பக்கத்து இருக்கைக்காரரிடம் யாரும் பேசமாட்டார்கள். ஒரே தட்டிலிருந்து எடுத்துப் போட்டுச் சாப்பிடும்போது பேசாமல் இருக்க முடியாது. கிறிஸ்துமஸ் அன்று தனியாக இருப்பவருக்கு டிக்கெட் விலையில் கிடைப்பது இந்த மேசை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது; ஜோக்குகள் அதன் மேல் வருபவை.

விருந்தின் கடைசியில் பார்ச்சூன் குக்கி. உள்ளே வழக்கமான எதிர்காலப் பலனுக்குப் பதிலாக, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷின் பழமொழிகள். இந்தக் குக்கியின் வரலாறே தனிக்கதை. சீனாவில் இப்படி ஒரு பண்டம் கிடையாது. ஜப்பானிய மூலம் கொண்டது. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் இருக்கும் ஜப்பானியத் தேநீர்த் தோட்டத்தில் அது பிரபலமானதாகச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைத்த பிறகு அந்தத் தொழில் சீனர்கள் கைக்கு மாறியது. ஜப்பானியப் பண்டம், சீன உணவகம், கிழக்கு ஐரோப்பிய யூதப் பழமொழி, கலிபோர்னியா. மேடையில் யாரும் எதுவும் சொல்லாமலே இது ஒரு நல்ல ஜோக்.

1997: கடைசி மேடை

இந்த நிகழ்ச்சியின் வரலாற்றில் எல்லோரும் குறிப்பிடும் ஆண்டு 1997. அந்த ஆண்டின் தலைப்புக் கலைஞர் ஹென்னி யங்மன், வயது 91. லண்டனில் பிறந்து புரூக்ளினில் வளர்ந்தவர். கையில் வயலின், வாயில் ஒரு வரி ஜோக். வயலினைக் கொஞ்சம் இழுப்பார், நிறுத்துவார், ஒரு ஜோக், மறுபடி வயலின். 'Take my wife, please' என்று நான்கே சொல்லில் முடியும் மனைவி ஜோக் ஒன்றுதான் அவருடைய அடையாளம். வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்கு மனைவியையும் அழைத்துப் போனபோது, அவருக்கு ஓர் இருக்கை காட்டும்படி சிப்பந்தியிடம் சாதாரணமாகச் சொன்னதே ஜோக்காகிவிட்டது என்று பின்னாளில் அவரே சொல்லி வந்தார்.

யங்மன் போன்றவர்களை உருவாக்கிய களம் நியூயார்க்குக்கு வடக்கேயுள்ள கேட்ஸ்கில் மலைப்பகுதி. யூதர்களுக்கு அறை தர மறுத்த விடுதிகள் நிறைந்த காலத்தில், யூதர்களே யூதர்களுக்காக அங்கே நடத்திய கோடை விடுதிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. மூன்று வேளையும் வயிறு முட்டச் சாப்பாடு, இரவில் காமெடி. விருந்தினரைச் சலிப்படைய விடாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள். திரைப்பட இயக்குநர் மெல் புரூக்ஸ் அந்த வேலையிலிருந்து வந்தவர்தான். சாப்பிட்டுவிட்டுக் கனத்த வயிற்றோடு உட்கார்ந்திருப்பவரைச் சிரிக்க வைப்பது அவர்களுக்குப் பிழைப்பு. அமெரிக்க மக்கள் தொகையில் 3 விழுக்காடே இருந்த யூதர்கள் தொழில்முறை காமெடியன்களில் 80 விழுக்காடு என்று ஒரு மதிப்பீட்டை 1978இல் டைம் இதழ் வெளியிட்டது. எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்தாலும் அடிப்படை உண்மை அதுதான். அப்புறம் விமானப் பயணம் மலிவானது, மற்ற விடுதிகளின் கதவுகளும் திறந்தன, கேட்ஸ்கில் தேய்ந்தது. புகழ்பெற்ற கிராஸிங்கர்ஸ் விடுதி 1986இல் மூடியது.

இந்தப் பின்னணியில் பார்த்தால், சைனாடவுன் விருந்துக் கூடத்தில் யங்மன் நின்றது பொருத்தமற்ற காட்சியே அல்ல. தட்டுச் சத்தத்துக்கு நடுவே ஜோக் சொல்லியே அறுபது ஆண்டு பிழைத்தவருக்கு அது வீடு மாதிரி. ஒரு வரி ஜோக்கின் அருமை இங்கேதான் தெரியும்: மீன் வந்து ஒரு ஜோக்கைக் கெடுத்தால் பத்து விநாடியில் அடுத்தது தயார். நீண்ட கதை சொல்பவருக்கு அந்த வசதி கிடையாது. அதுவே அவருடைய கடைசி நிகழ்ச்சியாக அமைந்தது. நிமோனியா பிடித்து 1998 பிப்ரவரி 24 அன்று நியூயார்க்கில் இறந்தார்.

கூடம் போனது

நிகழ்ச்சி நீண்ட காலம் நடந்தது பசிபிக் அவென்யூவிலிருந்த நியூ ஏஷியா உணவகத்தில். திருமணங்களுக்கும் சங்க விருந்துகளுக்கும் சைனாடவுன்காரர்கள் தேடிப் போன பெரிய கூடம் அது. அந்த இடத்தில் குறைந்த வாடகை வீடுகள் கட்டுவதற்காக நகர நிர்வாகம் அதை வாங்கியிருந்தது. 2020இல் பெருந்தொற்று வந்ததும் விருந்து வியாபாரம் படுத்துவிட, கூடம் மளிகைக் கடையாக மாறியது. மேடை இருந்த இடத்தில் அரிசி மூட்டை.

அந்த ஆண்டு நிகழ்ச்சி ஜூமிலும் யூடியூபிலும் நடந்தது. ஜூடி கோல்டும் அலெக்ஸ் எடெல்மனும் வந்தார்கள். கெடுல்டிக் அப்போது புளோரிடாவில் அம்மா வீட்டில். சில வாரம் தங்கப் போனவர் ஊரடங்கில் மாட்டிக்கொண்டார். சும்மா இருக்காமல் எண்பதைத் தாண்டிய அம்மாவையும் சேர்த்துக்கொண்டு மாதந்தோறும் இணையக் காமெடி நிகழ்ச்சி ஒன்றை நடத்தத் தொடங்கினார். அம்மாவுக்கு ரசிகர்கள் உருவானார்கள்.

இணையவழி நிகழ்ச்சியைத் தோல்வி என்று ஒதுக்க முடியாது. சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒருநாளும் வர வாய்ப்பில்லாதவர்களும் பார்த்தார்கள். ஆனால் மேசை போய்விட்டது. அவரவர் வீட்டில் அவரவர் வாங்கிய சீன உணவைச் சாப்பிட்டபடி பார்க்கலாம்தான். அந்நியர் ஆறு பேர் இல்லை.

பெருந்தொற்று தணிந்த பிறகு நேரடி நிகழ்ச்சி திரும்பியது சைனாடவுனுக்கு அல்ல, ஷெரித் இஸ்ரேல் என்ற யூத ஜெப ஆலயத்துக்கு. 1905இல் கட்டி முடித்து, மறு ஆண்டு நிலநடுக்கத்தில் தப்பிய கட்டடம் அது. ஊரின் நீதிமன்றம் இடிந்துபோனதால் கொஞ்ச காலம் அங்கேதான் வழக்குகள் நடந்தன. நகரத்தின் ஊழல் பெரும்புள்ளியாக இருந்த ஏப் ரூஃப், அவரும் ஒரு யூதர், அந்த ஆலயத்துக்குள்தான் விசாரிக்கப்பட்டார். ஜோக்குக்கு ஏற்ற கட்டடம்தான். ஆனால் ஜெப ஆலயத்தில் யூதர்கள் கூடிச் சிரிப்பதில் வியக்க என்ன இருக்கிறது? வரிசையான பெஞ்சுகள், மேடையைப் பார்த்த முகங்கள். கலைஞருக்கு வசதி கூடியது. நிகழ்ச்சியின் அசட்டுத்தனம் குறைந்தது. அந்த அசட்டுத்தனத்துக்காகத்தான் பாதிப் பேர் வந்துகொண்டிருந்தார்கள் என்பது என் எண்ணம். பிறகு இம்பீரியல் பேலஸ் உணவகத்தின் வழியாக நிகழ்ச்சி மறுபடி சைனாடவுனுக்கே வந்து சேர்ந்தது சரியான முடிவு.

இடறும் இரண்டு இடங்கள்

கிறிஸ்துமஸ் அன்று யூதருக்கு வேலை இல்லை என்பதுதான் இந்த நிகழ்ச்சியின் அடித்தளம். அந்த அடித்தளம் கரைந்துகொண்டிருக்கிறது. பியூ ஆய்வு மையத்தின் 2013 கணக்கெடுப்பில், முந்தைய ஆண்டு வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் வைத்ததாகச் சொன்ன அமெரிக்க யூதர்கள் 32 விழுக்காடு. 2010க்குப் பிறகு மணம் முடித்த யூதர்களில் 61 விழுக்காட்டினரின் துணை யூதரல்லாதவர் என்றது அவர்களுடைய 2020 கணக்கெடுப்பு. டிசம்பர் 25 அன்று மாமியார் வீட்டில் வான்கோழிக்கு முன்னால் உட்கார வேண்டியவர்கள் இவர்கள். நிகழ்ச்சி ஒரே நாளில் முடியாமல் இரண்டு மூன்று நாட்களுக்கு நீள்வது இவர்களுக்கும் இடம் கொடுக்கிறது. மாமியார் வீட்டில் ஒரு நாள், சைனாடவுனில் ஒரு நாள். புதிய தலைமுறைக் கலைஞர்களின் சரக்கும் இதற்கேற்ப மாறுகிறது. எடெல்மனின் பிரபலமான கதை ஒன்றில், வைதிக யூதக் குடும்பமான அவர்கள் வீட்டில், துக்கத்தில் இருந்த யூதரல்லாத தோழி ஒருவருக்காக அம்மா ஒரு வருடம் கிறிஸ்துமஸ் கொண்டாடிவிடுகிறார். பிள்ளைகள் மறுநாள் யூதப் பள்ளியில் போய் அதைச் சொல்லிவிடுகிறார்கள். தாத்தா காலத்து ஜோக் கிறிஸ்துமஸுக்கு வெளியே நின்று பேசியது. இந்தக் கதையில் கிறிஸ்துமஸ் மரம் வீட்டுக்குள்ளேயே நிற்கிறது.

இன்னொன்று கொஞ்சம் நெருடலானது. யூதருக்கும் சீனருக்கும் உள்ள கிறிஸ்துமஸ் உறவைப் பற்றி உருகி எழுதுபவர்கள் பலர். 1935இல் நியூஜெர்சியின் நியூவார்க்கில் ஒரு சீன உணவக முதலாளி கிறிஸ்துமஸ் அன்று யூத அனாதை இல்லத்துக்குச் சோ மெய்ன் என்ற சீன நூடுல்ஸ் கொண்டுபோய்க் கொடுத்த செய்தியைத் தவறாமல் எடுத்துக் காட்டுவார்கள். நல்ல செய்திதான். ஆனால் கூடத்தில் ஒரு தரப்பு உட்கார்ந்து சிரிக்கிறது, இன்னொரு தரப்பு தட்டு சுமக்கிறது. மைக் எப்போதும் ஒரு பக்கம்தான். உணவக ஊழியரின் உச்சரிப்பையோ மெனு அட்டையின் எழுத்துப் பிழையையோ வைத்துப் பண்ணும் மலிவு ஜோக் இந்தக் கூடத்தில் வேறெங்கும் விட அசிங்கமாக ஒலிக்கும், ஏனென்றால் அந்த ஊழியர் மூன்றடி தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். தன் அம்மாவையும் தன் மதகுருவான ரப்பியையும் தன் வயிற்றையும் கேலி செய்வதோடு நிற்கும் கலைஞரே இந்த மேடைக்குச் சரியான ஆள்.

2024இல் நாட்காட்டியே ஒரு வேடிக்கை செய்தது. ஹனுக்காவின் முதல் மெழுகுவத்தி ஏற்ற வேண்டிய மாலை சரியாக டிசம்பர் 25 அன்று விழுந்தது. அதற்கு முன் அப்படி நேர்ந்தது 2005இல், அடுத்து 2035இல். செய்ய எதுவும் இல்லாத மாலை என்று டிக்கெட் விற்றவர்களுக்கு, அந்த ஒரு வருடம் மட்டும், அந்தச் சாக்கு செல்லவில்லை.